கையால் செய்த வில்லோடு மான் வேட்டை: சிங்கப்பூரிலிருந்து தொடங்குபவர்களுக்கு

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் மான் வேட்டை கிடையாது. வனவிலங்குச் சட்டப்படி எந்தக் காட்டு விலங்கையும் அனுமதியில்லாமல் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். பாலத்தைத் தாண்டி ஜொகூருக்குப் போய்விடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். மலேசியாவிலும் கடமான் பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால், இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவை மூடிவிட்டது. பிரிட்டனில் மான் வேட்டை உண்டு, ஆனால் அம்பால் கூடாது.

நமக்கு எட்டும் தூரத்தில், சட்டப்படி வில்லோடு போகக்கூடிய இடங்கள் என்றால் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும்தான் முதலில் வரும். இரண்டு இடங்களிலும் மான் அந்த மண்ணின் விலங்கு அல்ல. 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் கப்பலில் கொண்டுவந்து விட்டது. நியூசிலாந்துக் காட்டில் மானைப் பிடித்துத் தின்னும் விலங்கே இல்லை. அதனால் அது பெருகிக்கொண்டே போய், காட்டின் இளம் மரக்கன்றுகளைத் தின்று தீர்க்கிறது. விக்டோரியா மலைகளில் திரியும் சம்பர் வேறு எதுவும் இல்லை, நம் கடமான்தான். 1860களில் அங்கே கொண்டுபோய் விடப்பட்டது, இன்று மலைக்காடு முழுவதும் பரவியிருக்கிறது. அங்கே வேட்டை, விலங்கின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் வழிகளில் ஒன்று.

சரி, சிங்கப்பூரில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்? வேலையில் முக்கால்வாசி இங்கேயே நடக்கும். வில் செய்வது, கை பழகுவது, மானின் குணத்தைப் படிப்பது எல்லாம் இங்கேதான். காட்டில் கழிக்கப்போவது சில நாட்கள் மட்டுமே.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வில்லாளிக்கும் ஒரு தூரம் உண்டு. நாளின் முதல் அம்பு, கை சூடேறாத அம்பு, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்துக்குள் தவறாமல் போய் விழுகிற தூரம். கையால் செய்த வில்லில் பழகும் புதியவருக்கு அது 10 அல்லது 12 மீட்டராக இருக்கலாம். நன்றாகப் பழகியவருக்கு 20 மீட்டர். அதற்குமேல் ஓர் உயிரின் மேல் அம்பு விடும் உரிமை நமக்கு இல்லை என்பதுதான் என் கட்சி. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பால் துளைத்த வல்வில் ஓரியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் அம்பு ஒரே ஒரு மானின் நெஞ்சுக்குள் சரியாகப் போனால் போதும். கீழே சொல்வதெல்லாம் அந்தத் தூரத்தை அறிவதற்கும், அந்தத் தூரத்துக்குள் மானை நெருங்குவதற்கும்தான்.

மரம் தேடுவது

பூங்காவிலோ காட்டோரத்திலோ மூங்கிலையும் கிளையையும் வெட்டக் கூடாது. விழுந்து கிடப்பதையும் எடுக்க வேண்டாம். பலகை வாங்குவதுதான் வழி. சுங்கே காடுட் பகுதியின் மரக்கடைகளில் ஏறி இறங்கினால் அமெரிக்க வன்மரப் பலகைகள் கிடைக்கும். ஹிக்கரி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆஷ், அதுவும் இல்லையென்றால் சிவப்பு ஓக். புதியவருக்கு நான் ஹிக்கரியைத்தான் சொல்வேன். இழுபடுவதைத் தாங்குவதில் அதற்கு இணை குறைவு. சின்னத் தவறுகளை மன்னித்துவிடும்.

பலகையின் நீளம் 6 அடி, அகலம் 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், தடிமன் முக்கால் அங்குலம். கடைக்காரர் அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கிவிடாதீர்கள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மர ரேகைகள் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை நேராக ஓட வேண்டும். நடுவில் எங்கேயாவது ரேகை பக்கவாட்டில் வெளியேறினால், நாளைக்கு வில் அந்த இடத்தில்தான் பிளக்கும். கணு இருந்தால் வேண்டாம். அகலப் பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல் தடிமன் பக்கத்தையும் பாருங்கள். ரேகை இரண்டிலும் நேராக இருக்க வேண்டும். இருபது பலகையைப் புரட்டி ஒன்றுகூடத் தேறாமல் திரும்பினாலும் அந்த நாள் வீண் இல்லை.

அடுத்தது ஈரம். சிங்கப்பூரில் வில் செய்பவர்கள் இதைக் கவனிக்கவில்லை என்றால் மற்ற எல்லா உழைப்பும் தண்ணீரில் போகும். நம் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். அந்தக் காற்றில் கிடக்கும் மரம் தன் எடையில் 16 விழுக்காடு அளவுக்கு நீரைப் பிடித்துக்கொள்ளும். வில்லுக்கு வேண்டியதோ 8 முதல் 10 விழுக்காடு. ஈரமான மரம் முறியாது, ஆனால் சோம்பும். வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும், அம்பில் வேகம் இருக்காது. ஹிக்கரி இந்த விஷயத்தில் மற்ற மரங்களைவிட மோசம், ஈரத்தை அவ்வளவு ஆசையாக உறிஞ்சும்.

இதற்கு எளிய வழி உண்டு. வில்லைவிட நீளமான, 6 அங்குல விட்டமுள்ள பிவிசி குழாய் ஒன்று, இரண்டு பக்கமும் இறுக்கமான மூடிகள், உள்ளே சிலிக்கா ஜெல் பைகள், கூடவே ஒரு சின்ன ஈரமானி. குழாய்க்குள் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டில் வைத்தால் மரம் தானாக 9 விழுக்காட்டுக்கு இறங்கும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் மெதுவாகச் சூடாக்கிக் காயவைத்து மீண்டும் போடலாம். பலகையை அப்படியே உள்ளே வைக்காமல் முதலில் வில் வடிவத்துக்குத் தோராயமாக அறுத்துக்கொண்டு அப்புறம் வையுங்கள். மெலிந்த மரம் சீக்கிரம் காயும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் மரம் தயார். இதே குழாய் பிறகு விமானப் பயணத்தில் வில்லுக்கு உறையாகவும் ஆகும்.

செதுக்குவதும் வளைவு பார்ப்பதும்

உங்கள் இழுப்பு நீளத்தை, அதாவது நாணை முழுதாக இழுத்து நிற்கும்போது பிடியிலிருந்து நாண் வரை உள்ள தூரத்தை, கணக்கிடுங்கள். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நடுவிரல் நுனியிலிருந்து நுனி வரை அளந்து 2.5ஆல் வகுத்தால் ஏறக்குறைய வரும். விரிப்பு 165 சென்டிமீட்டர் என்றால் 66 சென்டிமீட்டர், அதாவது 26 அங்குலம். அந்த இழுப்புக்கு 66 முதல் 68 அங்குல நீள வில் பாதுகாப்பானது. குட்டையான வில் அழகாக இருக்கும், ஆனால் முதல் வில்லுக்கு வேண்டாம்.

நடுவில் 4 அங்குலம் பிடி. பலகை மெல்லியது என்பதால் பிடியில் ஒரு துண்டு மரத்தைப் பசையிட்டு ஒட்டித் தடிமன் கூட்ட வேண்டும். பிடியின் இரண்டு பக்கமும் 2 அங்குலத்துக்குள் அந்தத் தடிமன் படிப்படியாகச் சரிந்து வில்லின் கைகளோடு, அதாவது பிடிக்கு இரு பக்கமும் வளையும் பகுதிகளோடு, சேரட்டும். இரு கைகளும் பாதி நீளம் வரை 2 அங்குல அகலம். அங்கிருந்து முனை வரை அரை அங்குலமாகக் குறுகலாம். முனையில் நாண் உட்காரும் பள்ளத்தை வட்ட அரத்தால் போடுங்கள்.

குறியைப் பார்த்து நிற்கும் பக்கம் வில்லின் முதுகு, நம்மைப் பார்த்து நிற்பது வயிறு. செதுக்குவதெல்லாம் வயிற்றுப் பக்கம் மட்டுமே. முதுகில் கத்தி படக் கூடாது, ஓரங்களை உப்புத்தாளால் மழுக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மர ரேகையில் சந்தேகம் இருந்தால் முதுகில் லினன் துணியைப் பசையோடு ஒட்டிவிடுங்கள், பிளவு கிளம்பாமல் பிடித்துக்கொள்ளும். வீவக வீட்டில் இந்த வேலையைச் செய்யத் தாராளமாக முடியும். அரமும் சுரண்டு தகடும் சத்தம் போடாதவை. தூசிக்கு முகக்கவசம் மட்டும் மறக்க வேண்டாம்.

இனிதான் உண்மையான வேலை. இரு கைகளும் ஒரே சீராக வளைய வேண்டும். வில் செய்பவர்கள் இதை டில்லரிங் என்கிறார்கள். ஒரு கனத்த சட்டத்தின் தலையில் வில்லின் பிடி உட்காரப் பள்ளம் வெட்டி, கீழே ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு வெட்டுப் போடுங்கள். நாணை இழுத்து அந்த வெட்டில் மாட்டிவிட்டு எட்ட நின்று பார்க்கலாம். கைபேசியை ஒரே இடத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டால் இடக்கை, வலக்கை வித்தியாசம் துல்லியமாகத் தெரியும். விறைப்பாக நிற்கும் இடத்தைப் பென்சிலால் தேய்த்துக் குறியுங்கள். குறித்த இடத்தில் மட்டும் சுரண்டுங்கள். அதிகம் வளையும் இடத்தை விட்டுவிடுங்கள். அங்கே இனி ஒரு தூள்கூட விழக் கூடாது. சுரண்டிய பிறகு மெதுவாக இருபது தடவை குறைந்த தூரம் இழுத்து விடுங்கள், மரம் தன் புதிய வளைவைப் பழகிக்கொள்ளும். அதற்கப்புறம்தான் மறுபடி பார்ப்பது.

இழுவிசையை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசையை, அளக்கத் தனிக் கருவி வாங்க வேண்டாம். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, அது போதும். 50 பவுண்டு என்றால் 22.7 கிலோ. இதில் ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: நீங்கள் குறிவைத்த விசையைத் தாண்டி ஒருபோதும் இழுக்காதீர்கள். 50 பவுண்டு வில் செய்கிறீர்கள், 20 அங்குலத்திலேயே தராசு 50 காட்டுகிறது என்றால் அங்கேயே நிறுத்தி, இரு கைகளையும் சீராகச் சுரண்டி, மறுபடி இழுங்கள். இப்படி ஒவ்வோர் அங்குலமாக 26 வரை இறங்க வேண்டும். இடையில் ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்டால் உடனே நாணைத் தளர்த்தி விரல் நுனியால் முதுகு முழுவதும் தடவிப் பாருங்கள். நகத்தில் ஒரு நார் தட்டினாலும் அது பிளவின் தொடக்கம். வயிற்றுப் பக்கத்தில் சுருக்கம்போல் குறுக்குக் கோடு தெரிந்தால் அந்த இடம் மற்ற இடங்களைவிட அதிகமாக வளைகிறது என்று பொருள்.

முதலில் செய்யும் வில்லையே வேட்டை வில்லாக நினைக்க வேண்டாம். 35 பவுண்டில் ஒன்று செய்து அதில் பழகுங்கள். இரண்டாவதோ மூன்றாவதோ 50 பவுண்டாக இருக்கட்டும். முடிந்த வில்லுக்கு எண்ணெயோ வார்னிஷோ பல பூச்சுகள் கொடுங்கள். ஈரம் நுழைவதைத் தாமதப்படுத்தும். பயன்படுத்தாத நேரத்தில் நாணைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். அம்பு வைக்காமல் வெறும் நாணை இழுத்து விடவே கூடாது, ஒரே தடவையில் வில் தெறித்துப் போகலாம்.

நாணும் அம்பும்

நாணுக்கு டேக்ரான் என்ற பாலியெஸ்டர் நூல். அதன் நெகிழ்ச்சி மர வில்லுக்குப் பாதுகாப்பு. நவீன வில்லுக்கான விறைப்பான நூல்கள் மர முனையை அறுத்துவிடும். நாண் ஏற்றியதும் பிடிக்கும் நாணுக்கும் இடையே 6 அங்குலம் இருக்கட்டும்.

அம்பில் கஞ்சத்தனம் வேண்டாம். வில் சுமாராக இருந்தாலும் அம்பு நன்றாக இருந்தால் குறி விழும். அதற்கு நேர்மாறாக நடப்பதை நான் பார்த்ததில்லை. மரத்தண்டு வாங்கும்போது அதன் விறைப்பு உங்கள் வில்லின் விசைக்குப் பொருந்த வேண்டும். அளவுக்கு மீறி விறைப்பானால் வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் விலகும், தளர்ந்திருந்தால் வலப்பக்கம். எடையைப் பொறுத்தவரை, வில்லின் ஒரு பவுண்டுக்கு 10 கிரெய்ன் என்பது பழைய நல்ல கணக்கு. 50 பவுண்டு வில்லுக்கு 500 கிரெய்ன், அதாவது 32 கிராம் சொச்சம். கனமான அம்பு மெதுவாகப் போகும், ஆனால் சத்தம் குறைவு, ஆழமாகப் பாயும். கையால் செய்த வில்லுக்கு இதுதான் பலம்.

வேட்டை முனை எளிமையான இரட்டை அலகு முனையாக இருக்கட்டும். அம்பு துப்பாக்கிக் குண்டைப்போல் அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை. குருதி இழப்பால்தான் மான் விழுகிறது. ஆகவே அலகு சவரக் கத்தியின் கூர்மையில் இருந்தே ஆக வேண்டும். ஒரு ரப்பர் வளையத்தை இரு விரலில் இழுத்துப் பிடித்து அலகை அதன்மேல் லேசாக வையுங்கள். அழுத்தாமலே அறுந்தால் சரி. இழுத்து அறுக்க வேண்டியிருந்தால் மறுபடி சாணைக்கல்தான். இந்த முனைகளைச் சிங்கப்பூருக்குள் வாங்கி வைக்க வேண்டிய தேவையே இல்லை. போகும் நாட்டில் வாங்கி அங்கேயே தீட்டிக்கொள்ளுங்கள். இங்கே பழக அதே எடையுள்ள மழுங்கிய முனை போதும்.

பழகுவது

புளோக்கின் கீழ்த்தளத்திலோ பூங்காவிலோ திடலிலோ ஓர் அம்புகூட விடாதீர்கள். ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று இந்த ஊரில் இல்லை. வில்வித்தை மன்றம் ஒன்றில் சேர்ந்து அவர்களின் இலக்குத் திடலில் மட்டும் பழகுங்கள். வில்லை வைத்திருப்பது, வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்புவது பற்றிக் காவல்துறையின் உரிமப் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெறுங்கள். மன்றத்தின் பயிற்றுநர்களும் சொல்வார்கள்.

தொடக்கத்தில் 25 அல்லது 30 பவுண்டு வில்லைக் கடன் வாங்கிப் பழகுங்கள். தேசிய சேவை முடித்த தெம்பில் நேரே 50 பவுண்டை இழுத்துத் தோளைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. இழுப்பது கையின் வேலை அல்ல, முதுகின் வேலை. தோள்பட்டை எலும்புகள் இரண்டும் பின்னால் நெருங்குவதை உணர வேண்டும். நாண் விரல் ஒவ்வொரு முறையும் வாயின் ஓரத்தில் அதே இடத்தில் வந்து நிற்கட்டும். முதல் சில வாரங்கள் இலக்கை மறந்துவிடுங்கள். இரண்டு மீட்டரில் நின்று வெறும் வைக்கோல் திண்டில் அம்பு விட்டு உடல் பழகினாலே போதும்.

அப்புறம்தான் உங்கள் தூரத்தைக் கண்டுபிடிக்கும் வேலை. உள்ளரங்கப் போட்டித் தூரம் 18 மீட்டர், நம் வேட்டைத் தூரத்துக்கு அது நல்ல உச்சம். ஒரு காகிதத் தட்டைக் குத்தி வைத்து, திடலுக்குப் போனதும் முதல் அம்பை மட்டும் குறித்து வையுங்கள். அதற்குப் பிறகு எத்தனை அம்பு அழகாக விழுந்தாலும் கணக்கில் சேராது. மான் இரண்டாவது அம்புக்கு நிற்காது. 10 மீட்டரில் முதல் அம்பு மாதக்கணக்கில் தட்டை விட்டு விலகவில்லை என்றால் 12க்குப் போங்கள். விலகினால் பின்வாங்குங்கள். மன்றம் அனுமதித்தால் மண்டியிட்டும், ஒரு பக்கம் திரும்பி நின்றும், குளிர்ச்சட்டை கையுறை போட்டும் பழகுங்கள். மெல்லிய டீசட்டையில் பழகிய கை, குளிர்காலச் சட்டையின் கைமடிப்பு நாணில் சிக்கும்போது திண்டாடும்.

மானைப் படிப்பது

நம் ஊரிலேயே மான் உண்டு. மண்டாய்ப் பக்கம் அந்தி நேரத்தில் சாலையோரம் கடமான் மேய்வதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் இங்கே அழிந்துபோனதாகக் கருதப்பட்டு, 1970களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பியவற்றின் வழியாக மீண்டும் பெருகிய கூட்டம் இது. புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேலே 2013இல் கட்டி முடித்த உயிரினப் பாலம் இவைபோன்ற விலங்குகள் காரில் அடிபடாமல் கடப்பதற்குத்தான். மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டில் பூனை அளவே உள்ள சருகுமானும் இருக்கிறது.

இவற்றைப் பார்க்கப் போகும்போது வில் வீட்டில் இருக்கட்டும். பாதையை விட்டு இறங்காதீர்கள், தீனி போடாதீர்கள். இரவு சஃபாரிக்குப் போனால் பல வகை மான்களை மணிக்கணக்கில் நின்று பார்க்கலாம். தலை குனிந்து மேயும் மான் சட்டென்று நிமிர்வதற்கு முன் என்ன செய்கிறது? காதுகள் தனித்தனியே எந்தப் பக்கம் திரும்புகின்றன? சந்தேகம் வந்தால் முன்னங்காலைத் தரையில் தட்டும். கடமான் வாலை உயர்த்தி, காடே அதிரும்படி கத்தும். முன்னங்கால் முன்னே போகும்போது தோள்பட்டைக்குப் பின்னால் விலாப்பகுதி எவ்வளவு திறக்கிறது என்பதைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். நாளைக்கு உங்கள் அம்பு போக வேண்டிய இடம் அது.

உரிமமும் பயணமும்

நியூசிலாந்தில் பொதுக் காடுகளுக்கான வேட்டை அனுமதியை இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் இணையத்திலேயே இலவசமாகப் பெறலாம். விக்டோரியாவில் வேட்டை உரிமம் கட்டணத்தோடு வரும். வில்லுக்குக் குறைந்தபட்ச விசையும் உண்டு. கடமான் போன்ற பெரியவற்றுக்கு 50 பவுண்டு, ஃபேலோ என்ற மான் வகை, புள்ளிமான் போன்றவற்றுக்கு 45. இரவில் மான் வேட்டை அங்கே குற்றம். ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், தெற்கு ஆஸ்திரேலியாவில் வில் வேட்டையே தடை. புறப்படும் முன் அந்தந்த அமைப்பின் இணையப் பக்கத்தை நீங்களே வாசியுங்கள், யார் சொன்னதையும், நான் சொன்னதையும் சேர்த்து, அப்படியே நம்ப வேண்டாம்.

முதல் பயணத்துக்குப் பெரிய கடமானைவிட ஃபேலோ மான் ஏற்றது. ஆண் கடமான் 200 கிலோவைத் தாண்டும். தோலும் விலாவும் கனம். உள்ளூர் வில் வேட்டைக்காரர் ஒருவரோடு போங்கள். தனியாகப் போகாதீர்கள்.

இரு நாடுகளிலும், வெளியிலிருந்து பூச்சியும் நோயும் நுழையாமல் தடுக்கும் உயிர்ப்பாதுகாப்புச் சோதனை கடுமை. வில், மர அம்பு, இறகு, காலணி எல்லாவற்றையும் படிவத்தில் எழுதுங்கள். காலணியின் அடியில் சிங்கப்பூர் மண் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. நியூசிலாந்தில் சொல்லாமல் விட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம். குழாய் நீளமாக இருப்பதால் பெரிய பொருளாகத்தான் ஏற்றுவார்கள், விமான நிறுவனத்திடம் முன்பே பேசிவிடுங்கள்.

காட்டுக்குள்

காற்றை முதலில் பாருங்கள். மானின் கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்றலாம், மூக்கை முடியாது. ஒரு சின்னப் புட்டியில் முகப்பவுடரை வைத்துக்கொண்டு அடிக்கடி பீய்ச்சிப் பாருங்கள். தூள் உங்கள் முகத்தை நோக்கி வந்தால் முன்னே போகலாம். மலையில் காற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு: வெயில் ஏற ஏறக் காற்றும் மேலே ஏறும், மாலை குளிர்ந்ததும் கீழே இறங்கும். காலை வெயில் பட்டபின் மேட்டிலிருந்து கீழ்நோக்கித் தேடுங்கள், மாலையில் கீழிருந்து மேல்நோக்கி.

நடை மெதுவாக. மூன்று அடி, நின்று பார்ப்பது, மறுபடி மூன்று அடி. முழு மானைத் தேடாதீர்கள். புதருக்குள் கிடைமட்டமாக ஒரு முதுகுக் கோடு, ஒரு காதின் அசைவு, இவைதான் முதலில் கண்ணில் படும். மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பிரிந்து தெரியாது. மற்ற வேட்டைக்காரர்கள் உங்களைப் பார்க்க ஆரஞ்சு நிற மேலாடை போட்டுக்கொள்ளுங்கள். வேட்டைக்கு அது கெடுதல் இல்லை.

இப்போது உங்கள் தூரம். மர வில்லின் அம்பு வினாடிக்கு 50 மீட்டர் அளவில் போகும், நாணின் சத்தமோ 340 மீட்டர். 20 மீட்டரில் அம்பு போய்ச் சேர 0.4 வினாடி ஆகும். பதற்றத்தில் இருக்கும் மான் அதற்குள் உடலைத் தாழ்த்திப் பாய ஆரம்பித்துவிடும். அம்பு தவறான இடத்தில் படும். ஆகவே தலை நிமிர்ந்து உங்களைப் பார்க்கும் மான் பத்து மீட்டரில் நின்றாலும் விடாதீர்கள். பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது சற்றே அப்பால் திரும்பி நிற்க வேண்டும். தலை வேறு பக்கம் இருக்க வேண்டும். உங்கள் பக்கத்து முன்னங்கால் முன்னே போக வேண்டும். அந்தக் காலின் பின்னால், உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில், ஒரே ஒரு மயிர்க்கற்றையைத் தேர்ந்து பாருங்கள். மானைப் பார்த்து அம்பு விட்டால் மானைச் சுற்றித்தான் போகும். நேர் எதிரே நிற்பது, பின்பக்கம் காட்டி நிற்பது, இடையில் கிளை, பின்னால் இன்னொரு மான், இதில் எது இருந்தாலும் வில்லை இறக்கிவிடுங்கள். பலரும் முதல் பயணத்தில் அம்பே விடாமல்தான் திரும்புகிறார்கள். சரியாக வேட்டையாடுகிறவர்கள் அப்படித்தான் திரும்புவார்கள்.

அம்பு விட்ட பிறகு

ஓடாதீர்கள். மான் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தை ஒரு மரத்தையோ பாறையையோ வைத்து மனதில் குறித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் உட்காருங்கள். துரத்தாவிட்டால் மான் அருகிலேயே படுத்துவிடும். துரத்தினால் கடைசி மூச்சு வரை ஓடும்.

பிறகு போய் அம்பைப் பாருங்கள். இளஞ்சிவப்பில் நுரை இருந்தால் நுரையீரல். பெரும்பாலும் நூறு மீட்டருக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். மூன்று நான்கு மணி நேரம் பொறுங்கள். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால் குடல். ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். மழை வருமென்றால் உள்ளூர்த் துணைவரின் முடிவைக் கேளுங்கள். குருதித் துளி தெரியும் இடமெல்லாம் ஒரு வெள்ளை டிஷ்யூத் துண்டு வைத்துக்கொண்டே போனால், திரும்பிப் பார்க்கும்போது மான் போன திசை கோடாகத் தெரியும். தடம் அறுந்தால் கடைசித் துளியிலிருந்து வட்டமிட்டுத் தேடுங்கள். அன்றைய மீதி நேரம் முழுவதும் அந்தத் தேடலுக்கே சொந்தம். அடிபட்ட ஒன்றைக் காட்டில் விட்டுவிட்டு வேறொன்றைத் தேடிப் போவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன்.

மான் கிடைத்ததும் பின்னாலிருந்து நெருங்கி, நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். அசைவில்லை என்றால் உடனே குடலை எடுத்து உடலைக் குளிரவிட வேண்டும். இதைத் துணைவர் செய்வதைப் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்வதுதான் நல்லது, எழுத்தில் வராது. மான் கறியில் கொழுப்பு குறைவு. தொடைச் சதையை அதிக நேரம் தீயில் விட்டால் இறுகிவிடும், மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுச் சுருக்காக வதக்கி இறக்குங்கள். தோள்கறியைக் குழம்புக்கு வைத்து மெதுவாக வேகவிடுங்கள். கறியை உங்களுக்கு இடம் கொடுத்தவரோடும் வழிகாட்டியவரோடும் அங்கேயே பகிர்ந்து முடித்துவிடுங்கள். சிங்கப்பூர் உணவு அமைப்பின் இறக்குமதி விதிகளின்படி, அங்கீகரிக்கப்பட்ட இடத்திலிருந்து வராத இறைச்சியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவர முடியாது. கொம்பு வேண்டுமென்றால் புறப்படும் முன்பே தேசியப் பூங்காக் கழகத்திடம் எழுதிக் கேட்டு, பதில் கைக்கு வந்த பிறகு கட்டுங்கள்.